எச்சில் கை

"இன்னும் கொஞ்சம் சோறு" என்று தட்டை வழித்துத் துடைத்துவிட்டுக் கம்சனா மறுபடியும் கேட்டபோது, ஜெர்மனியின் பான் நகரத்து அந்தச் சிங்கப்பூர் உணவகமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது. பட்டுச்சேலை கட்டிய ஒல்லிப் பெண், ஐந்து விரலாலும் குழைத்து, ரைன் நதியே வற்றிப்போகிற வேகத்தில் மீன்தலைக் கறியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

எதிரே கனடாவின் ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கிய சுந்தரேஸ்வரி மாமி, அப்பாவின் அக்கா. மடியில் ஒரு சிவப்புப் பெட்டி. அதற்குள் கண் கூசவைக்கும் தங்கக் காப்பு. மகன் விவேக்குக்குக் கம்சனாவை நிச்சயம் பண்ணாமல் விமானம் ஏறுவதில்லை என்று சபதம் போட்டு வந்தவர். நாளும் அவரே குறித்தார், சேலையும் அவரே கொண்டுவந்தார். சாப்பாட்டுக் கடையைத் தெரிந்தெடுத்தது மட்டும் கம்சனா.

"காப்பு ஒருக்கால் கையிலை ஏறினால் ஏறினதுதான் பிள்ளை. பிறகு அது எங்கட வீட்டுக் கை. எங்கட குடும்பத்திலை கழட்டின சரித்திரமே இல்லை."

"ஓம் மாமி."

"அப்ப கையை நீட்டன்."

"எச்சில் கை மாமி. சாப்பிட்டு முடியட்டும்."

நல்ல காரியத்துக்கு வலக்கை வேண்டும், அதுவும் கழுவிய கை. கம்சனாவின் வலக்கையோ கிட்டத்தட்ட முழங்கை வரை குழம்பில் கிடந்தது. மாமி பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"மாமிக்கு மட்டும் 'இல்லை' எண்டு சொல்லிப்போடாதை பிள்ளை, என்ர நெஞ்சு தாங்காது" என்று காலையில் அப்பா தொலைபேசியில் கெஞ்சியிருந்தார். கம்சனா வாக்குத் தவறாதவள். இந்த நிமிடம்வரை ஒரு "இல்லை" சொல்லவில்லை. சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

மாமி நாகரிகமாக முள்ளுக்கரண்டியால் ஒரு வெள்ளரித் துண்டைத் துரத்திக்கொண்டிருந்தார்.

"விவேக்குக்குத் தேத்தண்ணி போடவும் தெரியாது. அவ்வளவு செல்லம். அதுக்குத்தான் உன்னைக் கேக்கிறம்."

"ஓம் மாமி." மீனின் கன்னச்சதை சற்றுப் பலமாகவே பிய்ந்தது.

"சிங்கப்பூரிலை ரெண்டு வருசம் வேலை செய்து வேறையொண்டும் பழகேல்லை, நல்லாத் தின்னப் பழகியிருக்கிறாய். இது வயிறோ, வாளியோ?"

"நீங்களும் ஒரு வாய் பாருங்கோ மாமி. இஞ்சை சமைக்கிறவரும் சிங்கப்பூரிலைதான் தொழில் பழகினவர்."

மீன்தலையிடம் முள்ளுக்கரண்டியின் நாகரிகம் செல்லவில்லை. மாமி அதை ஒதுக்கிவிட்டு விரலால் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். அதன்பிறகு மீனின் கண்ணைக்கூட விடவில்லை. அவர் உறிஞ்சிய சத்தம் கொலோன் வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஆரடி இதைச் சமைச்சது? எங்கட ஆளோ?"

"ஓம் மாமி. எங்கட ஆள்தான்."

"அதுதானே பாத்தன்! வேறை ஆருக்கு இப்பிடிப் புளி விடத் தெரியும்? இந்தக் கைக்கல்லோ தங்கக் காப்புப் போடவேணும்!"

"மெய்யாவோ மாமி?"

"சுந்தரேஸ்வரி சொன்னாச் சொன்னதுதான்!" மாமி மேசையில் அடித்த அடியில் தண்ணீர்க் கிளாஸ் ஒரு சாண் துள்ளியது. பக்கத்து மேசைக்காரர்கள், ஒரு சொல்லும் விளங்காமலே, ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

கம்சனா பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு ஜெர்மனில் மெல்ல ஏதோ சொன்னாள். "சமைச்சவரை வரச் சொன்னனான் மாமி. நீங்களே நேரிலை சொல்லுங்கோ."

"வரட்டும், வரட்டும். அதுக்கிடையிலை நான் கையைக் கழுவிக்கொண்டு வாறன். நீயும் எழும்பிக் கழுவு. இனியும் சாட்டுச் சொல்லேலாது."

மாமி திரும்பி வந்தபோதும் அந்தக் கை தட்டில்தான் இருந்தது. அவர் பெட்டியைத் திறந்து காப்பை எடுத்தார். "காணும் திண்டது! கையை நீட்டு."

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, கோயில் தேர் அசைவதுபோல ஓர் ஆள் வெளியே வந்தான். செம்பட்டைத் தாடி, நீலக் கண், இடுப்பில் மஞ்சள்கறை பட்ட ஏப்ரன். மாமியின் முன்னால் நின்று கைகூப்பினான்.

"வணக்கம் மாமி. உறைப்புக் காணுமோ?"

மாமியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. காப்பும் விரல்களுக்கிடையே அந்தரத்தில் நின்றது.

கம்சனா அன்றைக்கு முதல்தடவையாகத் தட்டிலிருந்து கையை எடுத்தாள். ஒவ்வொரு விரலாக ஆறுதலாகத் துடைத்தாள். பிறகு எழுந்துபோய் அவன் பக்கத்தில் தோள் உரச நின்றாள்.

"கையை நீட்டு, எமில். மாமி சொன்னாச் சொன்னதுதான்."