நாலு டிஸ்க் பெட்டி

மகன் மேஜை மேல் பேப்பரை விரித்துப் படம் போட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் உள்ள போட்டோ, பாட்டு, வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து வைக்க ஒரு சர்வர் பெட்டி செய்யப்போகிறானாம்.

"எத்தனை டிஸ்க்குடா?" என்றார் அப்பா. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நாலுப்பா. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல இருக்கும். அதுக்கும் மேல அக்கா வீட்டுல ஒண்ணு வைப்பேன்."

"என்னைப் போய் சந்தேகப் பிராணின்னு சொல்லுவே. நீ எனக்கும் மேல இருக்கியேடா!"

மகன் சிரிக்கவில்லை. "உங்க போனைக் கொடுங்கப்பா. அம்மா பேசின வீடியோவைத்தான் முதல்ல ஏத்தணும்."

கிரீஸ் கையைத் திரைச்சீலையில் துடைத்ததற்காக அவள் அவரைத் திட்டித் தீர்த்த வீடியோ. அம்மா இறந்த பிறகு, அவள் குரல் என்று வேறெதுவும் மிச்சமில்லை.

அப்பாவின் கை சட்டைப் பையை இறுக்கிக்கொண்டது. "நீ செய்யற பெட்டியை எவன் நம்புவான்? உன் லேப்டாப்ல ஏத்தி வெச்சியே, அதைப் போட்டுக்கோ."

"பத்து நிமிஷம்தாம்பா."

"தர முடியாதுன்னா முடியாது. போடா!"

மகன் பென்சிலைக் கீழே வைத்தான். "போன மாசம் லேப்டாப் டிஸ்க் செத்துப்போச்சுப்பா. ஒண்ணுமே மீளலை. உங்க போன்ல இருக்கேன்னுதான் தைரியமா இருந்தேன்."

பையிலிருந்து கை நழுவியது.

போன வருஷம், இடமில்லை என்று போன் கத்தியபோது, பெரிதாக இருந்த அந்த வீடியோவை அவரே அழித்திருந்தார். பெற்ற பிள்ளையைக்கூட நம்பாத மனிதர், அவனிடம் ஒன்று இருக்கிறதே என்று அன்றைக்கு ஒரு நாள்தான் நம்பினார்.

"நாலு டிஸ்க் போதுமாடா?" என்றார்.