ஷட்டர் சாவி

கண் திறந்ததும் முதலில் கையைப் பார்த்தான்.

கை காலியாக இருந்தது.

அப்படி இருக்காதே.

வலிப்பு வந்து விழுந்து எழும்போதெல்லாம் கையில் ஏதாவது ஓர் இரும்பு இருக்கும். கல்யாண வீட்டில் விழுந்தபோது ஜல்லிக்கரண்டி. பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவருடைய பைக் சாவி. பாவம், அந்த மனிதர் எங்கோ அவசரமாகப் போக வேண்டியவர். திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு, இவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருமுறை பல்லுக்கு நடுவில் ஸ்பூனைத் திணித்தார்கள். ஸ்பூன் வெளியே வந்தது. கூடவே ஒரு பல்லும் வந்தது.

எல்லாரும் நல்லவர்கள்தான். அதுதான் தொல்லை.

நாக்கால் துழாவிப் பார்த்தான். மிச்சப் பல்லெல்லாம் இருந்தன. முகத்தில் யாரும் தண்ணீர் அடிக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்திருந்தான். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதோ இருந்தது. கிரீஸ் துடைக்க விற்கும் பனியன் துணி மூட்டை.

அப்படியென்றால் கடை.



இந்த இரும்புக்கடையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. வலிப்பு உண்டு என்று யாரிடமும் சொல்லவில்லை. இதற்கு முன் இரண்டு கடைகளில் வேலை பார்த்திருக்கிறான். இரண்டு முதலாளிகளும் தங்கமானவர்கள். அவன் விழுந்ததைப் பார்த்த அன்றே, வீட்டோடு இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அன்பாக அனுப்பிவைத்தார்கள்.

மெல்லத் தலையைத் தூக்கினான்.

இந்நேரம் மேலே முகங்கள் தெரிய வேண்டும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்ப்பார்கள்.

ஒரு முகமும் இல்லை.

எல்லாம் முதுகு.

சாமான் வாங்க வந்தவர்கள் அவனைச் சுற்றி, தெருவைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவர் கையில் கடப்பாரை. ஒருவர் கையில் சுத்தியல். ஒரு கொத்தனார் சாந்து பூசுகிற புதுக் கரணையை விலைச்சீட்டோடு பிடித்திருந்தார்.

இரும்புக்கடையில் வலிப்பு வந்தால் இரும்புக்கா பஞ்சம்.

பக்கத்தில், தரையில், பில் போடுகிற அமலி உட்கார்ந்திருந்தாள். கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"வலிப்பு வந்துச்சு. இப்ப நின்னுட்டுது. நம்ம கடையிலதான் படுத்திருக்க. மெதுவா எந்திரிச்சாப் போதும்."

அழுகை வந்தது. எல்லாம் முதுகாக இருந்ததால் நிம்மதியாக அழுதான்.

டீ வந்தது. அவள் உடனே தரவில்லை. பேரைக் கேட்டாள். சொன்னான். இது எந்த ஊர் என்று கேட்டாள். தூத்துக்குடி என்றான். அதற்குப் பிறகுதான் டம்ளர் கைக்கு வந்தது.

போன மாதம் இரண்டு நாள் லீவு போட்டு, மாதா கோயில் மண்டபத்தில் முதலுதவி வகுப்புக்குப் போனவள் அவள். மத்தியானம் பிரியாணி உண்டு என்றுதான் போனதாக அவளே சொன்னாள். முதலாளி அண்ணாச்சி ஒரு வாரம் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டு ஓட்டினார்.

நடந்ததைக் கொத்தனார் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.

அவன் விழுந்ததும் கடையே இரும்போடு ஓடி வந்ததாம். முன்னால் வந்தவர் அண்ணாச்சி. கையில் ஷட்டர் சாவி. அமலி குறுக்கே நின்றுகொண்டு, யாரும் அவனை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது என்றாளாம். கொண்டுவந்த இரும்பை அவரவரே வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள் என்றாளாம். அண்ணாச்சியும் திரும்பி நின்றாராம். தலைமாட்டிலிருந்த பெயின்ட் டப்பாக்களை அவளே தள்ளினாள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் போட்டாள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தாண்டவில்லை.

கொத்தனார் கரணையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில் கைக்குப் பழகிவிட்டது என்றார்.

அண்ணாச்சி கல்லாவுக்குப் போய்ச் சில்லறை எண்ணத் தொடங்கினார்.

ஷட்டர் சாவி கல்லாப்பெட்டி மேல் கிடந்தது. காலையில் கடை திறக்கிற வேலை ஆளுக்கொரு வாரம். முறை வருகிறவன் முந்தின சாயங்காலமே சாவியை வாங்கிக்கொண்டு போக வேண்டும். நாளையிலிருந்து அவன் முறை. புதியவன் என்று இதுவரை கொடுக்கவில்லை; இதுதான் முதல் தடவை. அதை வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தான்.

சாவி வேறு ஆளிடம் போனால், அவனும் வேறு கடை பார்க்க வேண்டியதுதான்.

ஆணி நிறுக்கும்போது சாவியைப் பார்த்தான். கம்பி சுற்றும்போதும் பார்த்தான்.

சாயங்காலம் ஷட்டரை இறக்கினார்கள். அண்ணாச்சி பூட்டிவிட்டுச் சாவியை உருவினார். அவனைப் பார்த்தார். பிறகு அமலியைப் பார்த்தார்.

அவள் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அவன் முறைதான அண்ணாச்சி."

அண்ணாச்சி பிடரியைச் சொறிந்தார்.

"மாத்திர ஒழுங்கா முழுங்குதியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"நேத்து விட்டுட்டேன் அண்ணாச்சி."

அவர் சாவியை வேட்டியில் துடைத்தார்.

"இனிமே விடாத. ஏணியில ஏறாத. எட்டரைக்குக் கடையத் தொறந்துரு."

சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தார். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். அமலி பேருந்துக்கு நடந்தாள்.

இரும்பு சில்லென்று இருந்தது. விரல்களை மூடிக்கொண்டான்.

திருப்பி வாங்க யாரும் நிற்கவில்லை.