முழங்கை நிழல்

மேற்கு மலையில் இறங்கும் வெயில் ஜன்னல் வழியே வீட்டுக்குள் நீளுகிறது. நாளைக் காலை பஸ்சில் மதுரைக் கண்காட்சிக்குப் போக வேண்டிய ஓவியத்தின் முன்னால் சூர்யகலா நிற்கிறாள். வெள்ளைக் கேன்வாஸின் இடப்பக்கம் ஒரு பெரிய சிவப்புச் சதுரம். அது படத்தையே தன் பக்கம் சாய்க்கிறது. மலைக்கு ஜீப்பு ஓட்டிவிட்டு, ஏலக்காய் மணக்கும் சட்டையோடு உள்ளே வருகிறான் புருஷன் பாண்டித்துரை. "எடது பக்கம் லோடு கூடிப்போச்சு ஆத்தா. குரங்கணி மலை வளைவுல கவுந்துரும். வலது பக்கம் குண்டா ஒரு ஆள ஏத்து." "உங்களத்தான் ஏத்தணும்," என்று, வெட்டி வைத்திருந்த மஞ்சள் காகிதச் சதுரத்தை அவனிடம் நீட்டுகிறாள். வண்ணம் தீட்டுமுன் இப்படி வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அவன் ஓரமாக நின்று அதை வலது மூலையில் அழுத்திப் பிடிக்க, அவள் கதவு வரை பின்னால் போகிறாள். "மேல. இன்னும் மேல." "கை கடுக்குதுடி," என்று முழங்கையை மடக்குகிறான். மஞ்சள் பொருந்தவில்லை. ஆனால் மடக்கிய முழங்கையின் நிழல் கேன்வாஸில் கறுப்பு முக்கோணமாக விழுந்திருக்கிறது. சிவப்பு இப்போது எதையும் இழுக்காமல் தன் இடத்தில் இருக்கிறது. "அசையாதீங்க." "வெரசா முடி, சோலி கெடக்கு." அவள் பென்சிலோடு அவன் கைக்கடியில் குனிந்து, வெயில் நழுவுமுன் நிழலின் ஓரத்தில் கோடு இழுக்கிறாள். "முடிஞ்சிருச்சா?" முடிந்துவிட்டது. "இன்னுங் கொஞ்ச நேரம்," என்கிறாள், நிமிராமல்.