செவலைக்கு ஓர் இடம்

தெருவில் அடிபட்டுக் கிடந்த செவலை என்னும் நாயை, நல்ல வீடு அமையும்வரை வைத்துக்கொள்வதாகச் சொல்லித் தேன்மொழி தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். காயம் ஆறியதும் செவலைக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இங்கிருந்தும் அனுப்பிவிடுவார்களோ?

“அடி செவலை, ஆள் வந்தால் உறுமு,” என்றது அவ்வீட்டுப் பூனை மிளகு. “முன்பிருந்த நாய் வாலை ஆட்டிற்று, அன்றே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நீயாவது என் பால் கிண்ணத்தில் வாய் வைக்காதவள்.”

ஞாயிறன்று நாய் வளர்க்க விரும்பிய ஒரு குடும்பம் வந்தது. செவலை பல்லைக் காட்டி உறுமிற்று. வந்தவர்கள் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள்.

“பிழைத்துக்கொண்டாய், போ,” என்றது மிளகு.

மறுநாள் ஒருவர், கால் ஒடிந்த நாய்க்குட்டி ஒன்றைக் கூடையில் ஏந்தி வந்தார்.

“இங்கே ஒரு நாய்க்குத்தான் இடம். இது போனதும் சொல்லி அனுப்புகிறேன்,” என்றார் தேன்மொழி, அவர் முகத்தைப் பாராமலே.

குட்டி கூடையிலிருந்து எட்டிப் பார்த்தது. “அக்கா, நீங்கள் எப்போது போவீர்கள்?”

அன்று செவலைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

“உறுமடி, ஏன் நிற்கிறாய்?” என்று மிளகு பதறிற்று.

உடம்பெல்லாம் நடுங்க, செவலை வாலை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போயிற்று.