வெறும் தட்டு

பழைய பந்தயக் கார்களின் பாகங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்ப்பவர் சம்பந்தம். கூடத்துக் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் நான்கு வாய் கார்புரேட்டர் ஒன்று இருந்தது. யார் கேட்டும் அவர் அதைத் தந்ததில்லை. போன மாதம் ஒரு பெண் லாரியில் ஏற்றி வந்த காரின் பானெட்டைத் திறந்து பார்த்தார். எல்லாமே அசல், அந்த ஒன்றுதான் இல்லை. அலமாரியிலிருந்து அதை எடுத்துவந்து தானே பொருத்தினார். கார் உறுமிக்கொண்டு தெருமுனையில் திரும்பியது.

இப்போது வீட்டுக்கு வருபவர்களை நேரே அந்த வெறும் தட்டின் முன்னால்தான் நிறுத்துகிறார். வெல்வெட் துணியில் சதுரமாக ஓர் எண்ணெய்க்கறை மட்டும் இருக்கிறது.

“கறையத் தொடைச்சுறட்டுங்களா?” என்றாள் மனைவி மரகதம்.

“கை வெச்சறாத. இத்தனையில அது ஒண்ணுதான் ஓடிட்டிருக்குது.”