கண் சிமிட்டிய பல்லி

“கிளம்புடா வடிவேலு. வந்ததும் தலையில பல்லி விழுற வீட்டுல நமக்குச் சம்பந்தம் வேண்டாம்.” கனகாம்பாள் கொண்டையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

பெண்ணின் அப்பா தங்கவேலுவுக்குக் கை கால் ஓடவில்லை. ரங்கூனையே சல்லடை போட்டுச் சலித்துக் கிடைத்த மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்தவர்களிடம் லாப்பே தட்டை நீட்டி, ஊறிய தேயிலையை ஒரு வாய் போடச் சொல்வதற்குள், மாப்பிள்ளையின் அத்தை தலையிலா அந்தச் சனியன் விழ வேண்டும்? போதாக்குறைக்கு, இதற்கு முன் வந்த வரன்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வேண்டாம் என்றவள் மகள் அம்சவேணி. இவனைப் பற்றியும் இன்னும் வாய் திறக்கவில்லை.

வடிவேல் பாய்ந்து தரையில் இரு கைகளையும் பொத்தினான். மூடிய கைகளோடு எழுந்தான்.

“இது பல்லியே இல்லை அத்தை. எங்க காலேஜ் துரை தென்னமெரிக்கக் காட்டுலேருந்து கப்பல்ல வரவழைச்சது. என் கோட்டுப் பையில ஏறி வந்து, உங்க தலைக்குத் தாவியிருக்கு.”

“பல்லி மாதிரிதானேடா இருந்துச்சு?”

“படிச்சவங்களே ஏமாந்துட்டாங்க. முதல்ல பல்லிக் குலத்துலதான் சேர்த்தாங்க. அப்புறம் எலும்பு, செதிலெல்லாம் பார்த்து வேற குலத்துக்கு மாத்திட்டாங்க. பல்லிக்கு இமை கிடையாது. இது கண்ணைச் சிமிட்டும்.”

கனகாம்பாள் யோசித்தாள். பல்லி இல்லையென்றால் பலனும் இல்லை.

“சிமிட்டுதான்னு யாராச்சும் பாருங்க. எனக்கு அருவருப்பா இருக்கு.”

தங்கவேலு குனிந்தார். கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை. “அம்சா, நீ பாரும்மா.”

வடிவேல் விரல்களைக் கொஞ்சம் விலக்கினான். அம்சவேணி உள்ளே பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி உள்ளே பார்த்தாள்.

“சிமிட்டுதுங்க. நல்லாவே சிமிட்டுது.”

“அமெரிக்காப் பிராணிக்கு நம்ம சாஸ்திரம் என்ன தெரியும்?” கனகாம்பாள் உட்கார்ந்து லாப்பேயை அள்ளி வாயில் போட்டாள். “தாம்பூலத் தட்டை எடுத்துட்டு வாங்க, மாத்திக்கலாம்.”

தங்கவேலுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பிஸ்கட் டப்பாவையும் எடுத்து, மாப்பிள்ளையைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார்.

“இதுல விடுங்க மாப்பிள்ளை. துரை தேடுவாருல்ல?”

வடிவேல் வெட்கத்தோடு கைகளை விரித்தான்.

“அது உங்க வீட்டுப் பல்லிதான் மாமா, அப்பவே சுவரேறி ஓடிடுச்சு. உங்க பொண்ணு பார்த்தது என் வெறுங்கையைத்தான்.”