பன்னெண்டு பேருக்கும் ஸ்கேன்

"ஸ்கேன் ரிப்போர்ட் இல்லாமல் யாரும் லேபுக்குள் வரக் கூடாது."

திங்கட்கிழமை காலையில நோட்டீஸ் போர்டுல இப்படி ஒரு தாள். கீழே லேப் தலைவி மேடத்தோட கையெழுத்து, கோடு போட்ட மாதிரி. லேபுல அவங்களுக்கு வச்ச பேரே 'ஸ்கேல்'தான்.

பன்னெண்டு பேருக்கும் இதய ஸ்கேன். எதுக்குன்னு ஒரு வார்த்தை கிடையாது.

ஸ்கேன் எடுக்கிற டாக்டர் மேடத்துக்குக் கொழுந்தனாம்னு, கண்ணாடிக் குழாய் கழுவுற அக்கா கொளுத்திப் போட்டாங்க. மத்தியானத்துக்குள்ள அந்தக் கொழுந்தனுக்கு மீசை கூட முளைச்சிருச்சு.

பூட்டு மட்டும் அந்தப் பேச்சுல கலந்துக்கல. நிஜமான காரணம் தனக்குத் தெரியும்னு நினைச்சாரு.

பூட்டுங்கிறது, ரெஜிஸ்டரை அலமாரில பூட்டி வச்சுப் பார்த்துக்கிறவருக்கு லேபுல வச்ச பேர். ரத்தக்குழாய் வியாதி ஒண்ணு எந்த ஜீனால வருதுன்னு பதினாலு வருஷமா அங்க ஆராய்ச்சி. நோயாளி ரத்தத்தோட ஒப்பிட்டுப் பார்க்க, நல்லா இருக்கிறவங்க ரத்தமும் வேணுமே? லேப் ஆளுங்க பன்னெண்டு பேரும், மேடம் உள்பட, கையை நீட்டிட்டாங்க. குழாய் மேல பேர் இருக்காது, நம்பர்தான். எந்த நம்பர் யாருங்கிறது பூட்டோட ரெஜிஸ்டர்ல மட்டும். ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அது தெரியவே கூடாது; எந்த நம்பருக்கு என்ன ரிசல்ட்னு பூட்டுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும்னு அந்த ரூலை எழுதினதே மேடம்தான்.

அதே மேடம்தான் போன மாசம் அவர் மேஜை முன்னால வந்து நின்னாங்க.

"ஒரே ஒரு பேர் பார்க்கணும்."

"முடியாதுங்க மேடம். ரூல்ஸ்."

"அனுமதி கொடுக்கிற கமிட்டி கூடுறதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகுமாம்."

"அப்ப ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

மேடம் கொஞ்ச நேரம் அலமாரிப் பூட்டையே பார்த்தாங்க. "நீங்க செய்றது சரிதான்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

மேடத்தையே திருப்பி அனுப்பின கதையை வீட்டுல ரெண்டு நாள் பூட்டு திரும்பத் திரும்பச் சொன்னதுல, அவர் சம்சாரம் பக்கத்து வீட்டுக்கே போய் உட்கார்ந்துட்டாங்க.

இப்ப இந்த நோட்டீஸ். பூட்டுக்குச் சந்தேகமே இல்ல. அவரைப் பழிவாங்கத்தான் பன்னெண்டு பேரையும் இழுத்து விடுறாங்க. போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டாரு.

மத்தவங்க ஒவ்வொருத்தரா முணுமுணுத்துக்கிட்டே போய்ட்டு வந்தாங்க. முதல் ஆளா மேடம். அக்கா படத்தை ஆட்டிக்கிட்டே வந்தாங்க. "எனக்கு இதயம்னு ஒண்ணு இருக்கான்னு எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளா சந்தேகம். இனிமே காட்டிடலாம்."

வியாழக்கிழமைக்குள்ள பதினொரு ரிப்போர்ட். பதினொண்ணும் சுத்தம்.

பூட்டு மட்டும் லேப் வாசலுக்கு வெளியில ஸ்டூலைப் போட்டு, மடியில ரெஜிஸ்டரை வச்சு வேலை பார்த்தாரு. நாலு நாளா அப்படித்தான். வெள்ளிக்கிழமை டைரக்டருக்கு ரெண்டு பக்கத்துல ஒரு புகார் எழுதினாரு. மேடத்து மேல புகார்னாலும் அது மேடம் வழியாத்தான் போகணும். ரூல்ஸ். கொண்டு போய் அவங்க கையிலேயே கொடுத்தாரு.

மேடம் பொறுமையா படிச்சாங்க. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாங்க.

"இன்னிக்கே அனுப்பிடறேன். கிளம்புங்க, கார் வாசல்ல நிக்குது."

"நான் ஸ்கேனுக்கு வர மாட்டேன்."

"அப்ப நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்."

நின்னாங்க. அவர் ஸ்டூலுக்குப் பக்கத்துல, ஒன்றரை மணி நேரம். அக்கா நாற்காலி கொண்டு வந்தும் உட்காரல. போற வர்றவங்க எல்லாம் பார்க்கப் பார்க்க, கூச்சம் பூட்டுக்குத்தான் வந்தது. எழுந்துட்டாரு.

ஸ்கேன் எடுத்தது வயசான ஒரு டாக்டரம்மா. மீசை வச்ச கொழுந்தன் அங்கயே காணாமப் போயிட்டான். படத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தவங்க திரையைப் பூட்டு பக்கம் திருப்பினாங்க.

"இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பியிருக்கு. வலி தெரியாது. வெடிக்கிற அன்னிக்குத்தான் தெரியும்."

அடுத்த வாரமே ஆபரேஷன்னும், கெட்ட இடத்தை எடுத்துட்டு செயற்கைக் குழாய் வச்சா பயமில்லைன்னும் சொன்னாங்க.

மறுநாள் காலையில பூட்டு நேரா டைரக்டர் ஆபீசுக்கு ஓடினாரு. பழிவாங்கக் கூப்பிட்டுப் போய் உயிரைக் காப்பாத்திட்டாங்களே, புகாரைத் திரும்ப வாங்கணும்னு.

கிளார்க் ஃபைலை எடுத்து நீட்டினாரு. புகாருக்குக் கீழே, கோடு போட்ட மாதிரி மேடத்தோட எழுத்து. தேதி நேத்து.

"இந்தப் புகார் உண்மை. காரணம் சொல்லாமல் எல்லோரையும் கட்டாயப்படுத்தினேன். லேபில் நாங்கள் பன்னிரண்டு பேர் கொடுத்த ரத்தத்திலேயே ஒன்பதாம் நம்பருக்கு அந்த வியாதி ஜீன் இருக்கிறது. ரெஜிஸ்டர் பார்ப்பவர் பெயரைக் காட்டவில்லை, அது சரி. ஆனால் ஒன்பதைச் சாகவிட எனக்கு மனசில்லை. அதனால் பன்னிரண்டு பேரையும் அனுப்பினேன். பதினொன்று சுத்தமாக வந்துவிட்டதால் ஒன்பது யார் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தவர் இந்த ஆராய்ச்சியில் இருக்கக் கூடாது. என்னை நீக்கிவிடுங்கள்."

பூட்டு ரெண்டாவது தடவை படிச்சாரு. மூணாவது தடவை எழுத்து கலங்கிப் போச்சு.

கிளார்க் தலையை நீட்டினாரு. "பதினாலு வருஷ உழைப்பை விட்டுட்டுப் போறாங்க. யாருங்க அந்த ஒன்பது?"

ரெஜிஸ்டர்ல தன் பேருக்கு நேரா ஒன்பதுன்னு எழுதின கை, தானா நெஞ்சு மேல போய் உட்கார்ந்துக்கிச்சு.

"அதைச் சொல்லக் கூடாதுங்க"ன்னாரு பூட்டு. "ரூல்ஸ்."